நூறு டன் எந்திரமும் வாய்ப்புச் செலவும்

பொருளியலின் முதல் பாடம் பற்றாக்குறை. விருப்பங்கள் எண்ணற்றவை, அவற்றை நிறைவேற்றும் வளங்கள் அளவானவை. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். விட்டுக்கொடுத்த அந்த மற்றொன்றின் மதிப்பே 'வாய்ப்புச் செலவு'. கல்லூரி வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பாடத்தை, 'துப்பாக்கிகளா, வெண்ணெயா?' என்ற பழைய எடுத்துக்காட்டைக் கொண்டே நடத்தி வந்தேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்; தேர்விலும் எழுதினார்கள். அந்தப் பாடம் அவர்களுடைய விரல்நுனி வரை இறங்கியதா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல இயலாது. அதே பாடத்தை எவரும் கற்பிக்காமலேயே, பலர் தாமே விரும்பி இரவு கண்விழித்துக் கற்றுக்கொள்ளும் ஓர் இடத்தைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் பார்த்தேன். அது ஒரு கணினி விளையாட்டு. 'மெக்வாரியர் ஆன்லைன்' என்பது அதன் பெயர்.

கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த பிரான்யா கேம்ஸ் நிறுவனம் 2012-இல் பொதுச் சோதனைக்கு விட்டு, 2013 செப்டம்பரில் முறையாக வெளியிட்ட விளையாட்டு இது. மனிதன் உள்ளே அமர்ந்து இயக்கும் மாபெரும் நடக்கும் போர் எந்திரங்களை 'மெக்' என்று அழைக்கிறார்கள். ஓர் அணிக்கு 12 பேர் என 24 பேர் இணையத்தின் வழியாக ஒரே களத்தில் இறங்கி, எதிரணியின் எந்திரங்களை வீழ்த்த முயல்வார்கள். ஓர் ஆட்டம் அதிகம் போனால் கால் மணி நேரம். நூலகத்தில் கழிக்கவேண்டிய முதுமையை இதில் கழிப்பதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சதுரங்கமும் போர் விளையாட்டுதான். யானையையும் குதிரையையும் வெட்டுகிற அந்த விளையாட்டை யாரும் குறை கூறுவதில்லை என்பது என் பதில். மேலும், விரல்வேகம் குறைந்த என் வயதினருக்கு ஏற்ற போர் விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான். நூறு டன் எடையுள்ள எந்திரம் திரும்புவதற்கே சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த நொடிகளில் சிந்திக்க முடிகிறது.

இதன் வேர் கணினியில் இல்லை, மேசையில் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் இயங்கிய ஃபாஸா நிறுவனம் 1984-இல் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பலகை விளையாட்டை வெளியிட்டது. 'டிராய்ட்' என்ற சொல்லுக்கு 'ஸ்டார் வார்ஸ்' படங்களைத் தயாரித்தவர்கள் உரிமை கோரியதால், பெயர் 'பேட்டில்டெக்' என்று மாறியது. எந்திரங்களின் உருவங்கள் சிலவற்றை ஜப்பானிய அசைபடங்களிலிருந்து பெற்றிருந்தனர். அவற்றின் மீதும் உரிமைச் சிக்கல் எழுந்து, 1990-களில் வழக்காகி, அந்த உருவங்களை ஃபாஸா கைவிட நேர்ந்தது. ரசிகர்கள் அவற்றுக்கு 'காணப்படாதவை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே உருவங்களை ஒட்டி 2017-இல் மீண்டும் ஒரு வழக்கு; பிரான்யாவும் அதில் ஒரு பிரதிவாதி. 2018-இல்தான் அது முடிவுக்கு வந்தது. ஒரு பொம்மையின் தோள்வளைவு யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்க்க இத்தனை ஆண்டுகள். அறிவுசார் சொத்துரிமை பற்றிப் பாடம் நடத்துவோர் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கலாம். விளையாட்டின் கதை, முப்பத்தோராம் நூற்றாண்டில் விண்மீன்களிடையே சண்டையிடும் அரசகுலங்களைப் பற்றியது. அதை அறியாமலே விளையாடலாம். நானும் அதிகம் அறிந்தவனல்லன்.

என்னைக் கட்டிப்போட்டது களம் அன்று; களத்துக்கு முன்னால் வருகிற பட்டறை. 'மெக்லேப்' எனப்படும் அந்தத் திரையில் எந்திரத்தை நாமே அமைத்துக்கொள்ளவேண்டும். எந்திரங்கள் 20 டன் முதல் 100 டன் வரை பல எடைகளில் உள்ளன. 55 டன் எந்திரம் என்றால், எலும்புக்கூடு, எஞ்சின், கவசம், ஆயுதம், குண்டுகள், வெப்பத்தைத் தணிக்கும் கருவிகள் ஆகிய அனைத்தும் அந்த 55 டன்னுக்குள் அடங்க வேண்டும். அரை டன் கூடினாலும் களத்தில் இறங்க அனுமதி இல்லை. கடன் வாங்க வழியில்லை, பற்றாக்குறை நிதிநிலை அறிக்கைக்கும் இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. நடுத்தர லேசர் ஒன்றின் எடை 1 டன். அது விளைவிக்கும் சேதம் 5 புள்ளிகள். ஆகவே 4 டன்னில் நான்கு லேசர்களை வைத்தால் 20 புள்ளிச் சேதம். 'ஆட்டோகேனன்-20' என்ற பீரங்கியும் அதே 20 புள்ளிச் சேதத்தைத்தான் விளைவிக்கிறது. ஆனால் அதன் எடை 14 டன்; குண்டுகளுக்குத் தனியே எடை. கணக்குப் பார்த்தால் பீரங்கியை எவரும் தொடக்கூடாது. எனினும் பலர் விரும்பி எடுக்கிறார்கள். காரணம், லேசர் ஒளிக்கற்றை ஏறத்தாழ ஒரு நொடி எரிகிறது. அந்த ஒரு நொடியில் எதிரி உடலைத் திருப்பினால் சேதம் நெஞ்சு, தோள், கை என்று சிதறிப்போகும். பீரங்கிக் குண்டு முழுச் சேதத்தையும் ஒரே இடத்தில் இறக்குகிறது. நான்கு லேசர்கள் சேர்ந்து எழுப்பும் வெப்பமும் பீரங்கியினுடையதைப்போல இருமடங்குக்கும் மேல். ஆகவே 4 டன் என்பது விலைச்சீட்டு மட்டுமே. உண்மைச் செலவு அன்று. சந்தையில் மலிவாகத் தெரிகிற பொருளின் மறைமுகச் செலவைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி நான் ஆண்டுதோறும் வலியுறுத்தியது இதைத்தான்.

வெப்பம் என்ற இந்தக் கட்டுப்பாடுதான் விளையாட்டின் ஆணிவேர் என்பேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் வெப்பமானி ஏறும். உச்சத்தைத் தொட்டால் எந்திரம் தானே அணைந்து, சில நொடிகள் எதிரியின் முன்னால் சிலையாக நிற்கும். அதை மீறி இயக்கினால் உள்ளுறுப்புகள் கருகும். எரிமலைக் களத்தில் வெப்பம் மெல்லவே தணியும், பனிக் களத்தில் விரைவாகத் தணியும். தண்ணீருக்குள் நின்றால் கால்களில் பொருத்திய தணிப்பான்கள் கூடுதலாக வேலை செய்யும். ஆனால் எந்தக் களம் அமையும் என்பது எந்திரத்தை அமைக்கும் நேரத்தில் நமக்குத் தெரியாது. பருவமழை எப்படியிருக்கும் என்று அறியாமல் விதைக்கிற உழவரின் நிலை. இவ்வகை முடிவுகளை 'நிச்சயமின்மையின் கீழ்த் தேர்வு' என்று பாடநூல்கள் சொல்லும்.

எஞ்சினைப் பற்றியும் சொல்லவேண்டும். '300' தரமுள்ள சாதாரண எஞ்சினுக்குப் பதிலாக அதே தரத்தில் 'எக்ஸ்எல்' வகையைப் பொருத்தினால் 9.5 டன் மிச்சமாகும். பெரும் பீரங்கிக்குப் பாதி வழி அது. ஆனால் 'எக்ஸ்எல்' எஞ்சின் இரு விலாப்புறங்களுக்கும் பரவி நிற்கும். மனித அரசகுலங்களின் எந்திரங்களில், ஒரு விலா உடைந்தாலே எந்திரம் முழுவதும் அழிந்துவிடும். சாதாரண எஞ்சினோ இரு விலாக்களும் போன பின்னும் ஓடும். காப்பீட்டுத் தவணையை மிச்சம் பிடித்துத் தொழிலில் போடுவதா, தவணை கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதா என்ற கேள்விதான் இது. 2017-இல் 'லைட்' என்றொரு நடுவகை எஞ்சின் வந்தது: மிச்சம் குறைவு, ஆனால் ஒரு விலா போனாலும் உயிர் தப்பும். அது வந்ததும் பலர் அதன் பக்கம் சாய்ந்தனர். மனிதர்கள் பெரும்பாலும் இடர் தவிர்ப்போர் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

முதுகுக் கவசம் தனிக் கதை. உடற்பகுதிக் கவசத்தின் மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதுகில் பெயருக்கு நான்கைந்து புள்ளிகளை மட்டும் விட்டுவைத்து, மீதியை நெஞ்சுக்குக் கொண்டுவருகிறார்கள். 'நான் முதுகைக் காட்டப் போவதில்லை. காட்டினாலும் என் அணி காத்துக்கொள்ளும்' என்பது அவர்கள் கணக்கு. கணக்கின் முற்பாதி அவர்கள் கையில் இருக்கிறது. பிற்பாதிக்கு மற்ற பதினொருவரைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய விதியைக் குறிப்பிட வேண்டும். 'டைட்டன்ஃபால்' போன்ற பிற எந்திரப்போர் விளையாட்டுகளில் வீழ்ந்தவர் சில நொடிகளில் மீண்டும் களத்துக்கு வந்துவிடுவார். இதன் பொது ஆட்டங்களில் ஒருவருக்கு ஒரே உயிர். வீழ்ந்தால் வீழ்ந்ததுதான். ஆகவே கவசம் என்பது திரும்பப் பெற முடியாத மூலதனம். பன்னிரண்டு பேரும் தங்கள் கவசத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு மாறி மாறி முன்னே நின்றால் அணி வெல்லும். ஆனால் ஒவ்வொருவருக்கும், மற்றவர் முன்னே நிற்கட்டும் என்று பின்னால் ஒதுங்குவதே தனிப்பட்ட முறையில் இலாபம். பொதுப்பண்டங்களின் 'இலவசப் பயணி' சிக்கல் என்று இதைச் சொல்வோம். ஒதுங்குகிறவர் ஆட்டத்தின் இறுதிவரை உயிரோடிருந்து, எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கும் பதினொரு பேர் முன்னிலையில் தனியே சுடப்பட்டுச் சாகிறார்.

இதன் இன்னொரு வடிவம் நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. எதிரியின் முன்புறத்தைச் சந்திக்க அஞ்சி, இரு அணியினரும் களத்தின் நடுவிலுள்ள குன்றையோ கட்டடத்தையோ சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்குவார்கள். அமெரிக்கக் கார்ப் பந்தயத்தின் பெயரால் ஆட்டக்காரர்கள் இதை 'நாஸ்கார்' என்கிறார்கள். இலகு எந்திரங்கள் வேகமாக ஓடிவிடும். அணியிலேயே அதிக ஆயுதமும் கவசமும் கொண்ட 90, 100 டன் எந்திரங்கள் பின்தங்கி, எதிரணியின் ஓடும் கூட்டத்துக்கு முதல் இரையாகும். மெதுவாகச் செல்வோரைக் காத்து நின்றால் வெல்லலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தான் மட்டும் நின்றால் தான் மட்டும் சாவோம் என்பதும் தெரியும். ஆகவே எல்லோரும் ஓடுகிறார்கள். நகரப் பேருந்து நிறுத்தத்தில் வரிசை கலைகிற கணத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

புதியவர்களை மிகவும் சோர்வடையச் செய்வது தோல்வியின் அளவு. 12-க்கு 3, 12-க்கு 4 என்று ஆட்டங்கள் முடியும்போது, 'அணிகளைப் பிரித்ததே அநியாயம்' என்ற கூக்குரல் எழும். பல நேரங்களில் அது உண்மையன்று. ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. தொலைவிலிருந்து சுடும் ஆயுதங்களைக் கொண்டு இரு படைகள் மோதும்போது, ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கைக்கு ஏற்ப அன்று, எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும் என்றார் அவர். 12 பேரும் 12 பேரும் மோதத் தொடங்கும் முன்பே ஓர் அணியில் இருவர் தனியே அலைந்து வீழ்ந்துவிட்டதாகக் கொள்வோம். இப்போது 12-க்கு 10. வர்க்கப்படி 144-க்கு 100. பத்துப் பேரும் வீழ்ந்து முடியும்போது எதிரணியில் எஞ்சியிருப்போர், 44-இன் வர்க்கமூலம், அதாவது ஆறிலிருந்து ஏழு பேர். தொடக்கத்தில் வேறுபாடு இரண்டே பேர். முடிவில் ஆறேழு பேர். மூவர் வீழ்ந்திருந்தால் எட்டுப் பேர் எஞ்சுவார்கள். திறமையில் சமமான இரு அணிகளிடையேயும் இப்படி நிகழும். முதல் இரண்டு நிமிடங்களில் வீணாகிப்போன ஓர் உயிர், இறுதி எண்ணிக்கையில் நான்கைந்து உயிர்களாகப் பெருகித் தெரிகிறது. லான்செஸ்டரின் சமன்பாடு எல்லோரும் எல்லோரையும் சுட முடியும் என்று கருதுகிறது. குன்றுகளும் கட்டடங்களும் உள்ள களத்தில் அது அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகை விளையாட்டில் குண்டு எங்கே படும் என்பதைப் பகடை முடிவு செய்யும். கணினியிலோ கண்ணும் கையும் முடிவு செய்கின்றன. குறிபார்த்து ஒரே இடத்தில் எல்லா ஆயுதங்களையும் சுட முடியும் என்பதால், பலகை விளையாட்டின் கவச அளவை இங்கே இரட்டிப்பாக்கினார்கள். அதுவும் போதவில்லை. ஒரே வகை ஆயுதத்தை அடுக்கி ஒரே நேரத்தில் சுடுவோர் பெருகவே, 2013-இல் ஒரு புதிய விதி வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரே வகை ஆயுதங்களை அரை நொடிக்குள் சுட்டால் தண்டனையாகக் கூடுதல் வெப்பம் ஏறும். ஆட்டக்காரர்கள் இதைப் 'பேய் வெப்பம்' என்று அழைத்தார்கள். புகை கக்கும் ஆலைக்கு வரி விதிக்கச் சொன்ன பொருளியலறிஞர் பிகு இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தடை செய்யவில்லை; விலையை உயர்த்தினார்கள். நெருக்கடியில் அந்த விலையைக் கொடுத்துச் சுட இன்றும் உரிமை உண்டு. ஆனால் அந்த வரி எதற்கு, எவ்வளவு என்பது நெடுங்காலம் விளையாட்டுக்குள் தெளிவாக விளக்கப்படவில்லை. வரிவிதிப்பின் நான்கு விதிகளில் ஒன்றாக 'நிச்சயத்தன்மை'யை ஆடம் ஸ்மித் 1776-இலேயே வைத்தார். என்ன கட்டுகிறோம் என்று தெரியாத வரி, நோக்கம் நல்லதாயினும், கொடுமையாகவே உணரப்படும்.

இனி காசுக்கு வருவோம். விளையாட்டைத் தரவிறக்கவும் விளையாடவும் கட்டணம் இல்லை. உள்ளே இரண்டு நாணயங்கள் புழங்குகின்றன. ஆட்டத்தில் சேதம் விளைவிப்பதற்கும் துணை நிற்பதற்கும் கிடைப்பது 'சி-பில்'. உண்மைப் பணம் கொடுத்து வாங்குவது 'எம்.சி.'. நல்ல ஆட்டம் ஒன்றுக்கு ஓரிரு இலட்சம் சி-பில் கிடைக்கும். பெரிய எந்திரங்களின் விலையோ பல பத்து இலட்சங்கள். பொறுமையுள்ளவர் உழைத்து வாங்கலாம், அவசரமுள்ளவர் பணம் கொடுத்து வாங்கலாம். புதிய எந்திரங்கள் முதலில் பணத்துக்கு மட்டும் விற்கப்பட்டு, சில மாதங்கள் கழித்தே சி-பில்லுக்குக் கிடைத்து வந்தன. கெட்டி அட்டைப் பதிப்பை முதலிலும் மலிவுப் பதிப்பைப் பின்னரும் வெளியிடும் பதிப்பகத்தாரின் உத்தி இது. 'விலை பேதம்' என்பது பாடநூற் பெயர்.

அந்த விலை பேதத்தின் உச்சத்தை 2013 இறுதியில் உலகம் பார்த்தது. தங்க நிறம் பூசிய எந்திரம் ஒன்றின் விலை 500 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. விளையாட்டு இதழ்கள் கொதித்தன. நான் அதில் கொதிக்க எதுவும் காணவில்லை. தங்கநிற எந்திரம் களத்தில் எளிதாகக் கண்ணில் பட்டு முதலில் சுடப்படும் பொருள். அதை வாங்குகிற செல்வர், காசே கொடுக்காமல் ஆடுகிற ஆயிரம் பேருடைய சேவையகச் செலவைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். பகட்டு நுகர்வின் மீது தாமாகவே செலுத்திக்கொள்ளும் வரி என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு மறுப்பு இருப்பது வேறு இடத்தில். புதிதாக விற்கும் எந்திரம் பணத்துக்கு மட்டும் கிடைக்கும் மாதங்களில் வலிமை மிக்கதாகவும், எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கும்போது வலிமை குறைக்கப்பட்டதாகவும் இருந்தால், அங்கே விற்கப்படுவது அழகு அன்று, வெற்றி. அந்தக் குற்றச்சாட்டு இதன் மீது பலமுறை எழுந்தது உண்டு.

வாக்குறுதி மீறல் இன்னொன்று. 2012-இல் விளையாட்டு முழுமை பெறும் முன்பே, 'நிறுவனர் தொகுப்பு' என்ற பெயரில் 30, 60, 120 டாலர் விலைகளில் முன்பணம் திரட்டினார்கள். 50 இலட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. எந்திரத்தின் உள்ளிருந்து பார்க்கும் பார்வை மட்டுமே இருக்கும் என்பது அப்போது தரப்பட்ட உறுதி. 2013-இல் எந்திரத்துக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்க்கும் பார்வையும் சேர்க்கப்பட்டது. முன்பணம் தந்தோர் கொதித்தெழுந்தனர். பணம் கைக்கு வரும் முன் உகந்ததாக இருந்த உறுதிமொழி, வந்த பின் உகந்ததாக இருப்பதில்லை. கிட்லாண்டும் பிரெஸ்காட்டும் 1977-இல் அரசுகளின் கொள்கையைப் பற்றி எழுதியது இதைத்தான். 2004-இல் நோபல் பரிசு பெற்றபோதும் இந்த ஆய்வு போற்றப்பட்டது. அரசை அடுத்த தேர்தலிலாவது கேட்கலாம். விளையாட்டு நிறுவனத்திடம் வாங்குகிறவருக்கு அடுத்த தேர்தல் இல்லை.

இந்த இடத்தில்தான் வேடிக்கை நின்று கவலை தொடங்குகிறது. 'ஹாக்கென்' என்ற மற்றோர் எந்திரப்போர் விளையாட்டு 2012-இல் பெரும் வரவேற்போடு வந்தது. கணினிக்கான அதன் சேவையகங்கள் 2018 சனவரியில் நிறுத்தப்பட்டன. ஜப்பானின் பண்டாய் நாம்கோ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட 'கண்டம் எவல்யூஷன்', 2023 நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. பதினான்கு மாத வாழ்வு. ஆட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய எந்திரங்களும் வண்ணங்களும் அணிகலன்களும் ஒரே நாளில் இல்லாமற் போயின. கதவுக்குப் பூட்டுப் போட்ட திரையரங்கில் நம் நாற்காலி மாட்டிக்கொண்டது போல என்றுகூடச் சொல்ல முடியாது. நாற்காலியே இல்லை.

விற்பவர்கள் 'வாங்கு' என்ற சொல்லைப் பொத்தானில் பொறிக்கிறார்கள். ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் இருப்பதோ, திரும்பப் பெறத்தக்க பயன்பாட்டு உரிமம். இந்த முரணைக் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் ஓரளவு தொட்டது. உரிமத்தை மட்டுமே விற்பவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2025 சனவரி முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. ஐரோப்பாவிலோ, விற்ற விளையாட்டை முடக்கிவிட்டுப் போகக்கூடாது, ஏதேனும் ஒரு வழியில் தொடர்ந்து ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரும் மக்கள் முன்முயற்சி மனுவில், 2025-இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கவும் முன்வந்தது. வாங்கிய பொருளின் ஆயுள் பற்றிய வினா அதன் எல்லைக்குள் வரவில்லை. பிள்ளைகளின் கைப்பேசி வழியே சிறு தொகைகளாக நாள்தோறும் வெளியேறும் பணம், சூதாட்டத்தில் போவது மட்டும் அன்று என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

நிறுவனங்களின் வாதத்தையும் கேட்கவேண்டும். சேவையகத்துக்கு மாதந்தோறும் செலவு உண்டு. ஆட்டக்காரர் குறைந்தால் அச்செலவை யார் ஏற்பது? நியாயமான கேள்வி. எவரையும் காலமெல்லாம் நட்டத்தில் கடை நடத்தச் சொல்ல முடியாது. ஆனால் கடையை மூடுகிறவர், சாவியை வாடிக்கையாளர்களிடம் கொடுத்துவிட்டுப் போவதில் அவருக்கு என்ன இழப்பு? ஆட்டக்காரர்கள் தாமே சேவையகம் அமைத்துக்கொள்ளும் மென்பொருளை இறுதி நாளில் வெளியிடுவது, தொடக்கத்திலேயே திட்டமிட்டால் பெருஞ்செலவு அன்று. பிற நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்ற மென்பொருட் பகுதிகள் இடையூறாகலாம். அதற்கும் விற்பனைக்கு முன்பே ஒப்பந்தத்தில் வழி செய்யலாம். இல்லையெனில், குறைந்தபட்சம் இத்தனை ஆண்டுகள் சேவை தொடரும் என்ற உறுதியையாவது பொத்தானுக்கு அருகில் பொறிக்கவேண்டும். மருந்துப் புட்டியிலும் ரொட்டிப் பொட்டலத்திலும் காலாவதித் தேதி கேட்கிற நாம், இதில் ஏன் கேட்கக்கூடாது?

ஆட்டக்காரர்கள் நிர்வகிக்கத் தகுதியற்றவர்கள் என்ற ஐயத்துக்கு மெக்வாரியர் ஆன்லைனே விடையளிக்கிறது. 2020-இல் சுவீடனின் ஈ.ஜி.7 குழுமம் பிரான்யாவை வாங்கியது. அதற்கு முன்பே நிறுவனத்தின் கவனம் தனிநபர் விளையாட்டின் பக்கம் திரும்பி, இந்த விளையாட்டு கிட்டத்தட்டத் தேங்கிக் கிடந்தது. அந்தச் சூழலில் அனுபவமுள்ள ஆட்டக்காரர் சிலர் 'கால்ட்ரன்' என்ற பெயரில் தன்னார்வக் குழுவாகக் கூடினார்கள். ஆயுதங்களின் வெப்பம், சேதம், எந்திரங்களின் தனித்திறன்கள் ஆகியவற்றைத் திருத்தப் பரிந்துரைகளை அனுப்பினார்கள். நிறுவனம் 2021 முதல் அவற்றை ஏற்று நடைமுறைப்படுத்தி வந்திருக்கிறது. ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் நினைவுக்கு வருகிறார். குழுவில் இருப்போர் உச்சநிலை ஆட்டக்காரர்கள், சாதாரணர்களின் கை அவர்களுக்குத் தெரியாது என்ற முணுமுணுப்பும் உண்டு. ஏரிப் பாசனச் சங்கத்திலும் கடைமடைக்காரரின் முணுமுணுப்பு அதுதானே?

குறைகளை மறைக்கப் போவதில்லை. காட்சிகள் 2012-ஆம் ஆண்டின் தரத்தைத் தாண்டவில்லை. பட்டறைத் திரையைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் வேண்டும். ஆட்டக்காரர் எண்ணிக்கை குறைவாக உள்ள நேரங்களில், பழம்பெரும் வித்தகரும் நேற்று வந்தவரும் ஒரே களத்தில் விழுகிறார்கள். மெலிந்த சந்தையில் பொருத்தம் பார்க்க இயலாது. 2014 இறுதியில் தொடங்கிய பிரிவுப் போர் முறையில், கட்டுக்கோப்பான குழுக்களிடம் தனியாட்கள் திரும்பத் திரும்பத் தோற்று விலகினார்கள். அவர்கள் விலக விலக எஞ்சியோர் மேலும் வலியவர்களாக, வருவோர் மேலும் குறைந்தார்கள். ஒலி மட்டும் இன்றும் குறையற்றது. குன்றுக்கு அப்பால் நடக்கும் கனத்த எந்திரத்தின் காலடியைக் கேட்டே அதன் எடையைக் கணிக்க முடிகிறது.

ஆட விரும்புவோருக்கு ஒன்றிரண்டு சொல்வேன். முதல் 25 ஆட்டங்களுக்குப் புதியவர்களுக்குக் கூடுதல் சி-பில் ஊக்கத்தொகை உண்டு. அதுவரை நிறுவனம் இலவசமாகத் தரும் முன்னோட்ட எந்திரங்களிலேயே ஆடுங்கள். எந்த எடை உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகு, சேர்ந்த தொகையில் 50 அல்லது 55 டன் எந்திரம் ஒன்றை வாங்கலாம். அது கூட்டத்தோடு ஓடவும் செய்யும், ஓரிரு அடிகளைத் தாங்கவும் செய்யும். முதுகுக் கவசத்தில் கை வைக்காதீர்கள். உண்மைப் பணத்தை எடுக்கும் முன் மூன்று மாதம் காத்திருங்கள். அதற்குள் நீங்கள் விட்டுவிட்டிருந்தால் பணம் மிச்சம். விடவில்லையென்றால், அந்த எந்திரம் அநேகமாகச் சி-பில்லுக்கே வந்திருக்கும். இதுவரை நான் செலவிட்ட உண்மைப் பணம் ஒரு நல்ல தமிழ் அகராதியின் விலையைத் தாண்டவில்லை.